இயற்கைவாதிக்கு ஹெகலிடம் என்ன வேலை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். "நான் இயற்கைவாதி. இருப்பதெல்லாம் இயற்கையே, அதை அறிய அறிவியலே வழி என்று நினைக்கிறேன். கான்ட் முதல் ஹெகல் வரையிலான ஜெர்மன் கருத்துமுதல்வாதிகளோ உலகமே மனத்தின் படைப்பு என்றவர்கள். இந்த இரண்டுக்கும் பகையைத் தவிர வேறு என்ன உறவு இருக்க முடியும்? அப்படியிருக்க, இன்று சிலர் ஹெகலை இயற்கைவாதி என்கிறார்களே, எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலுக்கு இரண்டு கேள்விகள், அடியில் ஒன்றுதான். சிந்தனை, சுதந்திரம், நியாயம் என்றெல்லாம் நாம் சொல்பவற்றுக்கு இயற்கைக்குள் இடம் உண்டா, உண்டென்றால் அந்த இயற்கையை எப்படிப் பார்க்க வேண்டும்? கான்ட், ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல் நால்வரையும் தூங்கவிடாமல் செய்த கேள்வியும் இதுவே. கல்லூரியில் பல ஆண்டுகள் கான்ட்டையும் ஹெகலையும் பாடம் எடுத்தவன் என்ற முறையில், நூல்களில் ஐயமில்லாமல் இருப்பதையும், அறிஞர்களுக்குள் இன்னும் தீராத வழக்காக இருப்பதையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

உங்கள் வாக்கியத்திலேயே இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்பது ஒன்று. இயற்கை அறிவியல் விளக்கும் விதம்தான் ஒரே விளக்கம் என்பது மற்றொன்று. முதலாவதை ஏற்று இரண்டாவதை மறுப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை. இந்த உறவைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது. இரண்டாவது கூற்றை நால்வரில் ஒருவரும் ஏற்கவில்லை, அதில் சந்தேகமே வேண்டாம். முதலாவதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. அதில் ஷெல்லிங் உங்களுக்கு மிக அருகில் நிற்கிறார், ஃபிக்டே மிகத் தொலைவில் நிற்கிறார், ஹெகல் எங்கே நிற்கிறார் என்பதில்தான் சண்டை.

"உலகமே மனத்தின் படைப்பு" என்பது, பொருள் என்றாலே மனத்தால் உணரப்படுவதுதான் என்ற ஐரிஷ் மெய்யியலாளர் பெர்க்லிக்குப் பொருந்தும், இவர்களுக்குப் பொருந்தாது. கான்ட்டின் முதல் பெருநூலான தூய அறிவு விமர்சனம் 1781இல் வெளிவந்தபோது, அடுத்த ஆண்டே ஒரு மதிப்புரை அவரைப் பெர்க்லியோடு சேர்த்துப் பேசியது. கான்ட் கடுங்கோபம் கொண்டார். 1783இல் தனி நூலில் அதற்குப் பதில் சொன்னார். 1787 இரண்டாம் பதிப்பில் 'கருத்துமுதல்வாத மறுப்பு' என்ற தலைப்பிலேயே ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தார். எனக்கு வெளியே பொருள்கள் இல்லையென்றால் என் மனத்துக்குள் நடப்பதைக்கூடக் காலவரிசையில் என்னால் அறிய முடியாது என்பது அங்கே அவர் வாதம். தமிழ் வாசகர்களில் பலருக்கு இந்தச் சிந்தனையாளர்கள் மார்க்சிய நூல்கள் வழியாகவே அறிமுகம். இயற்கை முதலா, மனம் முதலா என்று கேட்டு மெய்யியலாளர்களை இரண்டு முகாமாகப் பிரிக்கும் எங்கெல்ஸின் பார்வை நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அரசியல் வாதத்துக்கு அந்தப் பிரிவு பயன்படலாம். ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஷெல்லிங்கைத் திறந்தால் அவரை எந்த முகாமில் உட்காரவைப்பது என்றே தெரியாது.

அவர்கள் காலத்தில் இயற்கைவாதம் என்றால் அதற்கு ஒரு பெயர் இருந்தது: பதினேழாம் நூற்றாண்டு டச்சு மெய்யியலாளர் ஸ்பினோசா. கடவுளும் இயற்கையும் ஒன்றே, எல்லாம் கட்டாயத்தின்படியே நடக்கிறது, மனிதன் இயற்கைக்குள் தனி அரசு நடத்துபவன் அல்ல என்றவர் அவர். 1785இல் யாக்கோபி என்ற ஜெர்மன் சிந்தனையாளர் ஒரு நூலை வெளியிட்டார். மறைந்த புகழ்பெற்ற எழுத்தாளர் லெஸ்ஸிங் தம்மிடம் ஸ்பினோசாதான் சரி என்று ஒப்புக்கொண்டதாக அதில் எழுதினார். ஜெர்மானிய அறிவுலகமே ஆடிப்போனது. யாக்கோபியின் வாதம் கூர்மையானது. எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டுக்கொண்டே போனால் ஸ்பினோசாவில்தான் போய் முடிவீர்கள்; அங்கே சுதந்திரம் இல்லை, நம்மோடு உறவாடும் ஆளுமையுள்ள கடவுள் இல்லை, நான் எண்ணிச் செய்கிறேன் என்பது வெறும் மயக்கம். அது வேண்டாம் என்றால் நம்பிக்கையை நோக்கித் தாவிவிடுங்கள். ஜெர்மன் கருத்துமுதல்வாதம் முழுவதையும் இந்த இருதலைப் பொறியிலிருந்து வெளியேறும் முயற்சியாகவே நான் படிக்கிறேன். காரண காரியத்தை விட்டுக்கொடுக்கவும் கூடாது, சுதந்திரத்தை இழக்கவும் கூடாது. ட்யூபிங்கன் இறையியல் விடுதியில் ஒன்றாகத் தங்கிப் படித்த ஹெகல், கவிஞர் ஹோல்டர்லின், ஷெல்லிங் மூவரும் இந்தச் சர்ச்சையின் சூட்டில் வளர்ந்தவர்கள். 1795 பிப்ரவரியில் ஷெல்லிங் ஹெகலுக்கு எழுதிய கடிதத்தில் "நான் ஸ்பினோசாவாதி ஆகிவிட்டேன்" என்கிறார். கருத்துமுதல்வாதம் பிறந்த வீட்டில் இயற்கைவாதம் விருந்தாளியாக வரவில்லை, உடன்பிறப்பாகவே வளர்ந்தது.

கான்ட்டிடம் இந்தச் சிக்கல் எப்படி இருந்தது என்பதை ஒரே ஓர் இடத்தில் நெருங்கிப் பார்த்தால் மற்ற மூவரும் எளிதாகப் புரிவார்கள். 1790இல் வந்த தீர்ப்புத்திறன் விமர்சனத்தின் 64, 65ஆம் பிரிவுகளே அந்த இடம். கான்ட் அங்கே ஒரு மரத்தை எடுத்துக்கொள்கிறார். மரம் தன் இனத்தில் இன்னொரு மரத்தை உண்டாக்குகிறது. அதோடு தன்னையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்ததை அப்படியே சேர்த்து வைக்காமல் தன் சொந்தப் பொருளாக மாற்றி வளர்கிறது. மூன்றாவதுதான் முக்கியம்: அதன் பகுதிகள் ஒன்றையொன்று காப்பாற்றுகின்றன. இலைகள் மரத்தால் விளைந்தவை, ஆனால் இலைகளைத் திரும்பத் திரும்ப உருவிவிட்டால் மரம் பட்டுப்போகும். ஒட்டுப் போட்ட மொட்டு வேறொரு மரத்தில் ஏறியும் தன் இனத்தின் கிளையாகவே வளர்கிறது. அடுத்த பிரிவில் கடிகாரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார். ஒரு சக்கரம் மற்றதைச் சுழற்றுகிறது, ஆனால் அதை உண்டாக்குவதில்லை. கடிகாரம் பழுதானால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது, இன்னொரு கடிகாரத்தை ஈனாது. உயிரியில் முழுமையும் பகுதியும் ஒன்றுக்கொன்று காரணமாகவும் காரியமாகவும் இருக்கின்றன. நியூட்டனின் இயந்திரவியலில் இதற்கு இடமில்லை.

இதிலிருந்து உயிருக்குள் ஏதோ மாயச் சக்தி இருக்கிறது என்று கான்ட் முடிவுகட்டவில்லை. உயிரிகளை நோக்கம் உடையவை போல நாம் எண்ணியே ஆக வேண்டும், அப்படி எண்ணாமல் அவற்றை ஆராயவே முடியாது; ஆனால் இது நம் அறிவின் அமைப்பைப் பற்றிய செய்தி, இயற்கைக்குள் உண்மையில் நோக்கம் இருக்கிறது என்று கூற நமக்கு உரிமை இல்லை என்கிறார். ஒரு புல்லின் முளைப்பை விளக்கும் நியூட்டன் இனியொருநாள் தோன்றுவார் என்று எதிர்பார்ப்பதே அபத்தம் என்று அவர் எழுதியது இந்தப் பொருளில்தான். டார்வின்தான் அந்த நியூட்டன் என்று பின்னால் பலர் சொன்னார்கள். எனக்கு அது பாதிச் சரியாகவே படுகிறது. உறுப்புகள் ஏன் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கின்றன என்பதற்கு 1859க்குப் பிறகு ஒரு நல்ல விளக்கம் கிடைத்தது. அந்த அளவில் கான்ட்டின் கணிப்பு தோற்றது. ஆனால் இயற்கைத் தேர்வு வேலை செய்ய, தன்னைப் பேணி இனம் பெருக்கும் உயிரிகள் முன்பே இருக்க வேண்டும். தன்னைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் அமைப்பு என்றால் என்ன என்ற கேள்வி அங்கே பதிலாக அல்ல, தொடக்கப் புள்ளியாக நிற்கிறது. இன்றைய உயிரியல் மெய்யியலில் சிலர் கான்ட்டின் இந்தப் பக்கங்களுக்குத் திரும்புவது இதனால்தான். சிலர் இதையும் வேதியியல் தீர்த்துவிடும் என்கிறார்கள். இரு தரப்பிலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், வழக்கு முடியவில்லை.

ஃபிக்டேயை விரைவாகக் கடந்துவிடலாம். 1794இலிருந்து அவர் எழுதியவற்றில் இயற்கை என்பது சுதந்திரமான 'நான்' மோதிக்கொள்ளும் தடை, கடமையைச் செய்யக் கிடைத்த களம். அதற்குச் சொந்த உயிர்ப்பு எதுவும் இல்லை. இயற்கைவாதத்தோடு சமரசம் அவருக்குத் தேவைப்படவும் இல்லை. உங்கள் மனத்தில் இருக்கும் 'பகை' என்ற படம் இவரிடம் மட்டும் பெருமளவு உண்மை.

ஷெல்லிங்தான் திருப்புமுனை. 1797, 1798, 1799 என்று ஆண்டுக்கொரு நூலாக இயற்கை மெய்யியலை எழுதித் தள்ளினார்; 23 வயதில் கவிஞர் கோதேயின் ஆதரவோடு யேனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். கான்ட் உயிரிகளுக்குச் சொன்ன 'போல' என்ற சொல்லை அவர் எடுத்துவிட்டார். இயற்கை தன்னைத் தானே ஒழுங்கமைத்துக்கொள்வது போல நாம் எண்ணுகிறோம் என்பதில்லை, உண்மையிலேயே அது அப்படிப்பட்டது. நாம் காணும் பொருள்கள் ஓயாத ஓர் ஆக்கச் செயல் ஆங்காங்கே தடைப்பட்டு நின்ற வடிவங்கள். காந்தம், மின்சாரம், வேதிவினை, உயிர், உணர்வு என்று அதே செயல் படிப்படியாக மேலேறுகிறது. மனம் இயற்கைக்கு வெளியிலிருந்து வந்து குதித்ததல்ல; இயற்கை தன்னை அறியத் தொடங்கிய கட்டம். இயற்கை கண்ணுக்குத் தெரியும் மனம், மனம் கண்ணுக்குத் தெரியாத இயற்கை என்று 1797 நூலின் முன்னுரையில் அவர் எழுதுகிறார். 1800இல் இரண்டு பாதைகளையும் சமமாக வைத்தார். இயற்கையிலிருந்து தொடங்கி அறிவு எப்படி வருகிறது என்று காட்டுவது ஒன்று, அறிவிலிருந்து தொடங்கி இயற்கையைக் காட்டுவது மற்றொன்று. இது ஃபிக்டேக்குப் பொறுக்கவில்லை. இருவருக்கும் நடந்த கடிதப் போர் உறவு முறிந்துதான் ஓய்ந்தது. இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்ற உங்கள் முதல் கூற்றை அந்த ஆண்டுகளின் ஷெல்லிங் தயங்காமல் ஏற்றிருப்பார். 'செத்த பொருளின் நகர்வுதான் இயற்கை' என்று நீங்கள் சேர்த்தால் மட்டும் எழுந்து போயிருப்பார்.

இந்த இயற்கை மெய்யியல் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தது என்பதில் மிகையும் உண்டு, அநியாயமான ஏளனமும் உண்டு. ஒரு நல்ல எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1800இல் வானியலாளர் ஹெர்ஷல் சூரிய நிறமாலையில் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில், வெப்பமானி ஏறுவதைக் கண்டார். யேனாவில் இருந்த இயற்பியலாளர் ரிட்டர் இதைக் கேள்விப்பட்டதும், இயற்கை எங்கும் எதிரெதிர் முனைகளாக அமைந்திருப்பதால் ஊதாவுக்கு அப்பாலும் ஏதோ இருந்தே தீர வேண்டும் என்று முடிவுசெய்தார். ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடை நிறமாலையின் அந்த ஓரத்தில் வைத்துப் பார்த்தார். ஊதாவில் கறுத்ததைவிட அதற்கு அப்பாலிருந்த இருட்டில் விரைவாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான், 1801இல். ரிட்டர் இந்த வட்டத்துக்குள் இருந்தவர் என்பதும், முனைகள் பற்றிய கருத்தே அவரை அங்கே தேடவைத்தது என்பதும் உறுதி. அந்தக் கருத்து சரியென்று இது நிறுவிவிடாது; தவறான காரணம் சரியான இடத்துக்குக் கூட்டிப்போன கதைகள் அறிவியலில் ஏராளம். 1820இல் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்ட டேனிஷ் இயற்பியலாளர் எர்ஸ்டெடும் கான்ட்டையும் ஷெல்லிங்கையும் ஊன்றிப் படித்தவர். அவர் கண்டுபிடிப்பில் மெய்யியலுக்கு எவ்வளவு பங்கு, சோதனைத் திறமைக்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிவியல் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்து இல்லை. மறுபக்கம், இதே பள்ளியிலிருந்து ஒப்புமைகளை மட்டும் அடுக்கி அறிவியல் என்று பெயர் வைத்த குப்பையும் நிறைய வந்தது. வேதியியலாளர் லீபிக் பின்னாளில் இதை நூற்றாண்டின் கொள்ளைநோய் என்றே திட்டினார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஹெகலுக்கு வருவோம். அவர் பற்றி உலவும் ஒரு கதையை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஏழு கோள்கள்தான் இருக்க முடியும் என்று ஹெகல் தர்க்கத்தால் நிறுவினார், அதே சமயம் எட்டாவது கண்டுபிடிக்கப்பட்டது என்பார்கள். 1801இல் அவர் யேனாவில் அளித்த ஆய்வேட்டில் அப்படி ஒரு நிறுவல் கிடையாது. கோள்களின் தொலைவுக்கு அப்போது சொல்லப்பட்ட எண்வரிசையைக் குறை கூறிவிட்டு, பிளேட்டோவிடமிருந்து வேறொரு வரிசையைக் கடைசிப் பக்கங்களில் காட்டி, இது இயற்கையின் உண்மையான ஒழுங்கு என்றால் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் கோளைத் தேட வேண்டியதில்லை என்கிறார். அந்த ஆண்டு ஜனவரி முதல் நாளே அந்த இடைவெளியில் வானியலாளர் பியாட்ஸி செரெஸ் என்ற சிறுகோளைக் கண்டிருந்தார். ஹெகலுக்கு இது பெருமை சேர்க்கும் இடமல்ல, ஆனால் கதை சொல்லும் அளவுக்கு மடத்தனமும் இல்லை. உண்மையான குறைகள் வேறு. நிறம் பற்றிய விஷயத்தில் நியூட்டனை விட்டுக் கோதேயின் பக்கம் நின்றார். உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று காலப்போக்கில் தோன்றின என்பதை வெளிப்படையாக மறுத்தார். இவற்றை மழுப்பி அவரை நவீனராக்கும் உரைகளை நம்பாதீர்கள்.

இனி அவரிடம் மதிப்புள்ளது. தம் மெய்யியல் முழுவதையும் சுருக்கித் தரும் அவருடைய கலைக்களஞ்சியம் 1817இல் வந்து, 1827, 1830 பதிப்புகளில் விரிந்தது. தர்க்கம், இயற்கை, மனம் என்று மூன்று பகுதிகள். அவர் சொல்லும் மனத்தில் மொழி, சட்டம், குடும்பம், அரசு, கலை எல்லாம் அடக்கம். அந்த மூன்றாம் பகுதி உடலற்ற தூய சிந்தனையோடு தொடங்குவதில்லை. தட்பவெப்பம், வயது, தூக்கம், விழிப்பு, உடலுணர்ச்சி, பித்து, பழக்கம் என்று உடம்பில் ஊன்றிய மனத்தோடு தொடங்குகிறது. 410ஆம் பிரிவில் பழக்கத்தை 'இரண்டாம் இயல்பு' என்கிறார். மனிதன் நிமிர்ந்து நிற்பதை அங்கே எடுத்துக்காட்டுகிறார். நிற்க வேண்டும் என்ற விருப்பத்தால்தான் நிற்கிறோம். விருப்பம் விலகினால், தூக்கத்தில் போல, உடல் சரிந்துவிடும். ஆனால் நிற்கும்போது 'நிற்கிறேன்' என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. எழுதப் பழகும் சிறுவன் ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் கவனிக்கிறான். கை பழகியபின் கவனம் முழுவதும் சொல்ல வந்த பொருளுக்குப் போய்விடுகிறது. நோக்கமும் நெறியும் தசைக்குள் இறங்கி இயற்கையாகவே ஆகிவிட்டன. சுதந்திரம் இயற்கையை எதிர்த்து நிற்கும் வேறொரு பொருள் என்ற எண்ணம் இங்கே தகர்கிறது.

மனத்தின் வளர்ச்சிப் படிகளை விவரிக்கும் அவருடைய 1807 நூலில் மண்டையோட்டு மேடுகளை வைத்து மனிதனின் குணத்தைக் கணிக்கும் அக்காலத்துக் கலையை அவர் தாக்கும் பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். மூளை இல்லாமல் மனம் இயங்கும் என்று அவர் அங்கே வாதிடவில்லை. ஒருவன் யார் என்பதற்கு அவன் செய்த செயலே சான்று, எலும்பு சான்றாகாது என்கிறார். இன்று மூளைப் படத்தைக் காட்டி 'இவன் எடுத்த முடிவு இதோ இந்தப் புள்ளிதான்' என்று கூறும்போது இதே கேள்வி திரும்பி வருகிறது. முடிவு என்பது சரியென்றோ தவறென்றோ மதிப்பிடத்தக்க ஒன்று. அந்த மதிப்பீட்டைப் புள்ளியிலிருந்து மட்டும் எப்படி எடுப்பீர்கள்?

அப்படியானால் அவர் இயற்கைவாதியா? சண்டை முழுவதும் கலைக்களஞ்சியத்தின் 381ஆம் பிரிவின் ஓரிரு வரிகளுக்குள் அடங்கியிருக்கிறது. நம்மைப் பொறுத்தவரை மனத்துக்கு முன்நிபந்தனை இயற்கை என்கிறார் ஹெகல். அதே மூச்சில், மனமே இயற்கையின் உண்மை, அந்த உண்மையில் இயற்கை மறைந்துவிட்டது என்கிறார். முதல் பாதியைப் பிடித்துக்கொள்ளும் டெர்ரி பின்கார்ட் போன்ற ஹெகல் ஆய்வாளர்கள் அவரை ஒருவகை அரிஸ்டாட்டிலிய இயற்கைவாதியாகப் படிக்கிறார்கள். ராபர்ட் பிப்பின், மனம் என்பது மனிதர்கள் சேர்ந்து நிறுவிக்கொண்ட நெறிகளின் சாதனை, அதை இயற்கையின் ஒரு பகுதியாகச் சொல்வதால் எதுவும் விளங்காது என்கிறார். ஃபிரெடெரிக் பைசர், இவர்கள் எல்லாரும் ஹெகலின் பழைய மெய்ப்பொருளியலை மறைக்கிறார்கள், அவர் ஷெல்லிங்கின் உயிருள்ள இயற்கையையே தொடர்கிறார் என்கிறார். என் கருத்து இது: மனிதனை இயற்கைக்குள் வைத்துப் பார்ப்பதில் ஹெகல் உண்மையான இயற்கைவாதி. ஆனால் இயற்கைக்கே ஆதாரமாகத் தர்க்கத்தை, கருத்தின் அமைப்பை, முன்வைக்கிறாரே, அதை எந்தப் பொருளில் இயற்கைவாதம் என்பது? அந்த இடத்தில் பைசர் சொல்வதே நூலுக்கு நெருக்கமாக இருக்கிறது. அதற்காக முதல் பாதியை இழக்க வேண்டியதில்லை. ஹெகலோடு முழுக்க உடன்படாமலே அதை எடுத்துக்கொள்ளலாம், பலர் எடுத்துக்கொண்டார்கள்.

ஜான் ட்யூவி ஹெகலியராகத் தொடங்கி அமெரிக்க இயற்கைவாதத்தின் பெரிய பெயராக ஆனார். ஹெகல் தம் சிந்தனையில் நிலையான படிவு ஒன்றை விட்டுச்சென்றதாக 1930இல் அவரே எழுதினார். அமெரிக்க மெய்யியலாளர் வில்ஃப்ரிட் செல்லர்ஸ் 1956இல் லண்டனில் ஆற்றிய உரைகளில், ஒருவர் ஒன்றை அறிந்திருக்கிறார் என்பது அவர் மூளைநிலை பற்றிய வருணனை அல்ல, நியாயம் கேட்கவும் சொல்லவும் கூடிய வெளியில் அவரை நிறுத்துவது என்றார். அவரே அறிவியலை உயர்த்திப் பிடித்த கடுமையான இயற்கைவாதி என்பதை மறக்கக்கூடாது. மெய்யியலாளர் ஜான் மெக்டவல் 1994இல் வெளிவந்த தம் நூலில் இதை மேலே கொண்டுபோனார். இயற்கை என்றால் விதிகளின் களம் மட்டுமே என்று சுருக்கியதால்தான் நியாயங்கள் இயற்கைக்கு வெளியே தொங்குகின்றன. மனிதக் குழந்தை மொழியிலும் மரபிலும் வளர்ந்து இரண்டாம் இயல்பைப் பெறுவதும் இயற்கை நிகழ்வுதான் என்று ஏற்றால் அந்தப் பிளவு மறைகிறது. ஹெகலின் 1807 நூலைப் படிக்க இது முன்னுரை என்று அவரே குறிப்பிடுகிறார். நீங்கள் கேள்விப்பட்ட 'இயற்கைவாதி ஹெகல்' பெரும்பாலும் இந்த வழியில் வந்தவர். மெக்டவலிடம் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டாம் இயல்பு முதல் இயல்பிலிருந்து எப்படி முளைக்கிறது என்று கேட்டால் அவர் அந்தக் கேள்விக்கே தேவை இல்லை என்று ஒதுக்குகிறார். ஷெல்லிங் அதைத்தான் முதல் கேள்வியாக வைத்திருப்பார், எனக்கும் அது ஒதுக்கக்கூடியதாகத் தோன்றவில்லை.

ஷெல்லிங் 1809க்குப் பின் எழுதியவை, அவருடைய பெர்லின் விரிவுரைகள் ஆகியவற்றை நான் தொடவில்லை. அவை என் பயிற்சிக்கு வெளியே உள்ளவை. அங்கே இயற்கை என்ற பொருளே வேறு திசையில் போகிறது. படிக்கத் தொடங்குவதென்றால் ஹெகலின் 1807 நூலில் தொடங்காதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். கான்ட்டின் தீர்ப்புத்திறன் விமர்சனத்தில் 64 முதல் 66 வரை சில பக்கங்கள், பிறகு ஷெல்லிங்கின் 1797 நூலின் முன்னுரை, பிறகு ஹெகலின் கலைக்களஞ்சியத்தில் 381, 410. இவ்வளவும் சில மாலைகளில் படித்துவிடலாம். படிக்கும்போது உங்கள் இரண்டு கூற்றுகளையும் தனித்தனித் தாளில் எழுதி வைத்து, ஒவ்வொரு பக்கமும் எதை மறுக்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள்.